இல்லாத காளையின் மேல் சாய்ந்த கை

வடிவமைப்புக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு உருவச் சிற்பத்தையும், பொருள்களைக் கொண்டு ஓர் இடத்தையே படைப்பாக அமைக்கும் நிறுவல் கலையையும் ஒரே பருவத்தில் கற்பிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. இரண்டையும் இணைப்பது எது என்ற தெளிவு அப்போது எனக்கே இல்லை.

முதல் ஆறு வாரங்கள் களிமண்ணோடு கழிந்தன. ஒன்றரை அடி உயரத்தில் நிற்கும் மனித உருவம் என்பதே பயிற்சி. மாணவர்கள் அலுமினியக் கம்பியை முறுக்கிக் கூடு கட்டி, அதைப் பலகையில் நட்ட இரும்புத் தாங்கியோடு பிணைத்து மண்ணை அப்பினார்கள். மறுநாள் காலையில் பாதி உருவங்கள் சரிந்து கிடந்தன. ஈர மண் தன் எடையாலேயே கம்பியிலிருந்து வழுக்கி இறங்கும் என்பதையும், சிறு மரத்துண்டுகளைக் குறுக்காகக் கட்டி மார்புக்குள்ளும் இடுப்புக்குள்ளும் தொங்கவிட்டால் அவை மண்ணைத் தாங்கும் என்பதையும் நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த முறை அவ்வாறே செய்து, ஈரத்துணியும் பிளாஸ்டிக் தாளும் சுற்றி வைத்தோம்.

இம்முறை உருவங்கள் விழவில்லை. ஆனால் இரு கால்களிலும் எடையைச் சமமாகப் பங்கிட்டு, நட்டுவைத்த கம்பம்போல் விறைத்து நின்றன. ஆகவே மாணவர்களையே ஒவ்வொருவராக ஒரு காலில் எடையைச் சாய்த்து நிற்கச் செய்து, கழுத்துக் குழிக்கு நேராகத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டோம். குண்டு, எடை தாங்கும் காலின் கணுக்காலருகே வந்து நின்றது. அந்தப் பக்கத்து இடுப்பு உயர்ந்தும் தோள் தாழ்ந்தும் இருந்தன. உடல் மூன்று இடங்களில் வளைந்து நிற்கும் நிலையைக் குறிக்கும் திரிபங்கம் என்ற சொல்லை அதுவரை தேர்வுக்காக மட்டும் மனனம் செய்திருந்தவர்கள், அன்று அதைத் தங்கள் இடுப்பெலும்பில் உணர்ந்தார்கள்.

அதன் பிறகே அவர்களைத் தஞ்சாவூர் கலைக்கூடத்துக்கு அழைத்துச் சென்றேன். திருவெண்காட்டில் கிடைத்த, கி.பி. 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த ரிஷபவாகன தேவரின் செப்புத் திருமேனி அங்கு இருக்கிறது. ஒரு காலை மற்றதன் குறுக்கே வைத்து, வலக்கையை மடித்துக் காளையின் மேல் ஊன்றியவாறு இறைவன் ஒயிலாகச் சாய்ந்து நிற்கிறார். காளை மட்டும் இன்று இல்லை. அதன் முன் நெடுநேரம் நின்ற ஒரு மாணவி, "ஐயா, காளை எவ்வளவு உயரம் என்பதுகூடத் தெரிகிறதே!" என்றாள்.

நான் தேடிய இணைப்பு அந்தச் சொற்களில் இருந்தது. உடல் சாய்வதைக் கொண்டு இல்லாத பொருளை அறிய முடியுமானால், பொருளையும் இடத்தையும் மட்டும் அமைத்து, வருபவரின் உடலைச் சாயவோ குனியவோ வைக்கவும் முடியும். கூரையிலிருந்து நூலும் கிழித்த செய்தித்தாளும் தொங்கவிடுவதே நிறுவல் கலை என்று பல மாணவர்கள் எண்ணுகிறார்கள். பார்ப்பவரின் உடல் எதுவும் செய்ய வேண்டியிராத அத்தகைய வேலைகளை நான் அலங்காரம் என்றே கருதுகிறேன்.

இறுதிப் பயிற்சிக்கு அதே மாணவி ஓர் அறையின் வாயிலையும் உட்கூரையையும் மூங்கிலாலும் சாக்குத்துணியாலும் மூன்றரை அடிக்குத் தாழ்த்தினாள். உள்ளே ஒரு முறமும், அரிசியும், தரையோரம் ஒரு விளக்கும் மட்டுமே இருந்தன. உருவம் எதுவும் இல்லை. குனிந்து நுழைந்த எவரும் வெளியே வரும்வரை முதுகை நிமிர்த்த முடியவில்லை. அவளை வளர்த்த பாட்டி கூன் விழுந்தவர் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

*

இல்லாத காளையைப் பற்றிய தங்கள் பகிர்வைப் படித்ததும், தங்களைப் போலவே கற்பிக்கும் எனக்கும் எனது வகுப்பு அனுபவம் ஒன்றை எழுதத் தோன்றியது. பிரிட்டன் சிற்பி ஆன்டனி கோர்ம்லி 1993இல் பொதுமக்களைக் கொண்டு ஏறத்தாழ 40,000 சிறு மண்ணுருவங்களைச் செய்வித்ததை விளக்கி, முப்பது மாணவர்களிடம் ஆளுக்கு இருபது உருவங்கள் செய்யச் சொன்னேன். கைக்குள் அடங்க வேண்டும், நிற்க வேண்டும், இரு கண்கள் வேண்டும் என்பவை மட்டுமே விதிகள். சரியாக உலராத தடித்த உருவங்கள் சில சூளையில் வெடித்துப் போயின.

எஞ்சியவற்றை முதலில் கூடத்தின் நடுவே வட்டமாக வைத்தோம். பார்த்தவர்கள் சுற்றி வந்து, படம் எடுத்துவிட்டு நகர்ந்தார்கள். மறுநாள் அவற்றையே ஒரு சிறிய அறையில் சுவரிலிருந்து வாசற்படிவரை நெருக்கி, எல்லா முகங்களும் வாசலை நோக்குமாறு அடுக்கினோம். உள்ளே கால்வைக்க இடமில்லாததால் வந்தவர்கள் படியிலேயே நின்றார்கள். பெருக்குவதற்காக வந்த அம்மா துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "இவங்க எல்லாரும் யாருக்காகக் காத்திருக்காங்க?" என்று கேட்டார். மாணவர்கள் யாரும் பதில் சொல்லவில்லை.

தங்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். உருவமே இல்லாத அந்த மாணவியின் அறைக்கு, உருவச் சிற்பத்துக்குரிய மதிப்பெண்ணை எந்த அளவுகோலின்படி வழங்கினீர்கள்?