ஏடிஎச்டி: நாலு மணிக்கு மேல் எதுவும் ஓடவில்லை, உதவி தேவை

வயது 36, கோவை, வீட்டிலிருந்தே கணக்கு வேலை. ஏடிஎச்டி (கவனத்தை ஒன்றில் நிறுத்துவதே சிரமமாகும் குறைபாடு) என்று போன வருடம்தான் மனநல மருத்துவர் உறுதி செய்தார். காலையில் அதற்கான மருந்து, மெத்தில்ஃபெனிடேட் 18 மி.கி.; மதியம் வரை ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் மளமளவென்று முடிகிறது. நாலு மணிக்கு மேல் அப்படியே படுத்துவிடும். துவைத்த துணி வாளியிலேயே கிடந்து நாறும், காயப்போட எழ முடியாது. (சோம்பேறித்தனம் என்பது அம்மாவின் கட்சி.)

25 நிமிட டைமர், குட்டித் தூக்கம், காபியை நிறுத்தியது, எதுவும் மாலையைக் காப்பாற்றவில்லை. டோஸ் பற்றி டாக்டரிடம் பேசி வருகிறேன், அது இங்கே வேண்டாம். கைகொடுத்தது ஒன்றுதான்: தோழி வீடியோ காலில் அவள் வேலையைப் பார்க்க, நான் என் வேலையைப் பார்ப்பது. இப்போது அவளுக்கு நைட் ஷிஃப்ட். தேடிய குழுக்களிலெல்லாம் குழந்தைகளின் பெற்றோர்தான்.

மாலை 5 முதல் 7 வரை இப்படிச் சேர்ந்து உட்கார, தமிழ் பேசும் பெரியவர்களின் ஏடிஎச்டி குழு கோவையிலோ ஆன்லைனிலோ யாருக்காவது தெரியுமா?