புதுப்பிப்பு: ரிசீவர் ஆஃபில் இருக்கும்போதும் டிவி பார்க்க முடிகிறது

செட்டாப் பாக்ஸ், ரிசீவர் (வெளி ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் அனுப்பும் பெட்டி), டிவி என்று வரிசையாக எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்திருக்கிறேன், ரிசீவரை அணைத்தால் டிவியில் படமும் இல்லை சத்தமும் இல்லை, செய்தி பார்க்கக்கூட அதை ஆன் செய்ய வேண்டியிருக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, பிரச்சினை தீர்ந்துவிட்டது.

ரிசீவரின் எச்டிஎம்ஐ செட்டிங்கில் ஸ்டாண்ட்பை பாஸ் த்ரூவை, அதாவது ரிசீவர் அணைந்திருக்கும்போதும் படத்தையும் சத்தத்தையும் டிவிக்குக் கடத்தும் வசதியை, ஆன் செய்யச் சொன்ன யோசனைதான் பலித்தது. என் ரிசீவரில் அது முதலிலிருந்தே ஆஃபில் இருந்திருக்கிறது. சிக்னலை இரண்டாகப் பிரித்துத் தரும் ஸ்ப்ளிட்டர் வாங்கத் தேவைப்படவில்லை.

ஆனால் படம் வந்ததே தவிர சத்தம் வரவில்லை, அரை மணி நேரம் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான் டிவியின் ஆடியோ வெளி ஸ்பீக்கருக்கு என்று இருந்தது தெரிந்தது. டிவி ஸ்பீக்கருக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. அப்புறம் டிவி, ரிசீவர் இரண்டிலும் சிஇசியை (எச்டிஎம்ஐ கேபிள் வழியே கருவிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் வசதி) ஆன் செய்தேன், இப்போது ரிசீவரை ஆன் செய்தால் சத்தம் தானாக அதற்குப் போகிறது, அணைத்தால் டிவிக்குத் திரும்புகிறது.

இன்னொன்று, ரிசீவரை அணைக்கும்போது அதில் எந்த இன்புட் தேர்வில் இருந்ததோ அதுதான் டிவிக்குப் போகிறது, அதனால் கேம் விளையாடிவிட்டு அணைக்கும் முன் செட்டாப் பாக்ஸுக்கு மாற்றிவிடுகிறேன். ரிமோட்டில்தான் அணைக்க வேண்டும், சுவர் சுவிட்சை அணைத்தால் எதுவும் போகாது. ஸ்டாண்ட்பையில் மின்சாரம் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், ரிசீவரும் லேசாகச் சூடாக இருக்கிறது, அதனால் அதன் மேல் எதையும் வைக்காதீர்கள்.