சீட் ஃப்ரேஸில் ஒரு சொல் அழிந்துவிட்டது, வாலட் திறந்தாலும் இருப்பு பூஜ்யம். என்ன செய்யலாம்?

காவேரிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். உறையூரில் இருக்கும் என் சித்தப்பாவுக்காகக் கேட்கிறேன். 2021-இல் ஒரு எக்ஸ்சேஞ்சில் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) கொஞ்சம் பிட்காயின் வாங்கி, அதைப் போனில் இருந்த ஒரு வாலட் ஆப்புக்கு மாற்றி வைத்திருந்தார். வாலட்டை மீட்பதற்காக ஆப் கொடுத்த 12 ஆங்கிலச் சொற்களை (இதுதான் சீட் ஃப்ரேஸ்) டைரியில் இங்க் பேனாவால் எழுதி பீரோவில் வைத்தார். மழையில் அந்த அறை ஒழுகியதில் டைரி நனைந்து, நடுவில் ஒரு சொல் கரைந்துவிட்டது. முதல் இரண்டு எழுத்துகள் மட்டும் தெரிகின்றன. மற்ற 11 சொற்களும் தெளிவு. பழைய போன் இப்போது கையில் இல்லை, ரீசெட் செய்து கடையில் கொடுத்தாகிவிட்டது.

புதிய போனில் வேறொரு வாலட் ஆப்பைப் போட்டு, அந்த இடத்தில் ஊகித்து ஊகித்துச் சொற்களைப் போட்டுப் பார்த்தோம். பெரும்பாலும் "தவறான சீட்" என்றே வருகிறது. ஒரே ஒரு சொல்லுக்கு வாலட் திறந்தது, ஆனால் இருப்பு பூஜ்யம். யாராவது எடுத்துவிட்டார்களா?

பழைய ஆப் கம்பெனிக்கு மெயில் போட்டேன். "உங்கள் சாவி எங்களிடம் இல்லை, அதற்கு நீங்களே பொறுப்பு" என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்க முடியுமா? ஓடிபி அனுப்பி ஆளை உறுதிப்படுத்திக்கொண்டு திறந்துவிட அவர்களால் ஏன் முடியாது?

வாலட்_சப்போர்ட்_24:
[இந்தப் பதில் நெறியாளரால் நீக்கப்பட்டது]

நெறியாளர்:
மேலே இருந்த பதிலில் ஒரு இணைப்பைக் கொடுத்து, "வாலட்டை சின்க் செய்ய" அந்தப் படிவத்தில் 11 சொற்களை நிரப்பச் சொல்லியிருந்தார்கள். காவேரிக்கரை, உங்களுக்குத் தனிச்செய்தியும் வந்திருக்கும். பதில் போட வேண்டாம். 11 சொற்கள் தெரிந்த எவரும் 12-ஆவதைச் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடலாம். அந்த இரண்டு எழுத்துகள் என்னவென்றுகூட இங்கே எழுதாதீர்கள். ஏற்கெனவே யாரிடமாவது ஏமாந்து பணம் போயிருந்தால் சைபர் கிரைம் எண் 1930-க்கு உடனே அழையுங்கள்.

நாகு_நெட்வொர்க்:
தம்பி, முதலில் பயத்தை விடுங்கள். பூஜ்யம் என்றால் திருட்டுப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது மீட்கக்கூடிய கேஸ்தான்.

ஆப் கம்பெனி சொன்னதில் பொய் இல்லை. இந்த மாதிரி வாலட்டில் காயினைச் செலவழிக்கத் தேவையான ரகசியச் சாவி, அதாவது பிரைவேட் கீ, போனுக்குள்ளேயே உருவாகிறது, அவர்கள் சர்வருக்குப் போவதே இல்லை. அவர்களிடம் உங்கள் சித்தப்பா பெயரில் கணக்கு என்று எதுவும் கிடையாது. அப்புறம் எதை உறுதிப்படுத்தி எதைத் திறப்பார்கள்? குறைதீர்ப்பாளர் திட்டம் ரிசர்வ் வங்கியின் கீழ் வரும் வங்கிகள், நிதி நிறுவனங்கள் போன்றவற்றுக்கானது, இதற்குப் பொருந்தாது.

இனி தொழில்நுட்பம். 12 சொற்களும் பிப் 39 என்ற தரத்தின்படி 2048 சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்து வருபவை. பட்டியலில் எந்த இரண்டு சொற்களுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக இருக்காது. உங்களுக்கு இரண்டு எழுத்துகள் தெரியும் என்பதால் பொருந்தக்கூடியவை சில டஜன் சொற்கள்தான். அதோடு 12 சொற்களுக்குள் 4 பிட் சரிபார்ப்புக் குறியீடு ஒளிந்திருக்கிறது. ஏதோ ஒரு சொல்லைப் போட்டால் 16-க்கு ஒன்றுதான் அந்தச் சோதனையைத் தாண்டும். மற்றதற்கெல்லாம் "தவறான சீட்" என்று வருவது அதனால்தான். ஆகவே கடைசியில் மிஞ்சப்போவது இரண்டோ மூன்றோ சொற்கள்.

ஒரு சொல்லுக்குத் திறந்து பூஜ்யம் காட்டியதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, அது தற்செயலாகச் சோதனையைத் தாண்டிய தவறான சொல். அப்போது திறந்தது யாரும் பயன்படுத்தாத காலி வாலட். இன்னொன்று, சொல் சரி, ஆனால் புதிய ஆப் வேறு பாதையில் அட்ரஸை (காயின் வந்து சேரும் முகவரி) உருவாக்குகிறது. ஒரே 12 சொற்களிலிருந்து 1-இல் தொடங்கும் பழைய வகை, 3-இல் தொடங்கும் வகை, பிசி1-இல் (bc1) தொடங்கும் வகை என்று தனித்தனி அட்ரஸ் தொகுதிகள் பிறக்கும். போன் ஆப்கள் பல ஒரு வகையை மட்டும் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடும். எந்தக் காரணம் என்று தெரிய சித்தப்பாவின் பழைய அட்ரஸ் வேண்டும். எக்ஸ்சேஞ்சிலிருந்து மாற்றியபோது வந்த மெயிலைத் தேடுங்கள், அதில் முழு அட்ரஸும் இருக்கும். அதை ஏதாவது ஒரு பிளாக் எக்ஸ்ப்ளோரரில் (எந்த அட்ரஸில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் பொதுத் தளம்) போட்டால் காயின் இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று யாருடைய அனுமதியும் இல்லாமல் பார்க்கலாம். அட்ரஸை மட்டும் பார்ப்பதில் திருட்டு ஆபத்து இல்லை.

ஆப் தொடங்கியபோது 12 சொற்கள் போக "பாஸ்ஃப்ரேஸ்" என்று தனியாக ஏதாவது வைத்தாரா என்றும் கேளுங்கள். வைத்திருந்தால் கதை வேறு. அதில் தவறு என்ற எச்சரிக்கையே வராது. எதைப் போட்டாலும் ஒரு வாலட் திறக்கும், பெரும்பாலும் காலியாக.

காவேரிக்கரை:
அண்ணா, மிக்க நன்றி. பாஸ்ஃப்ரேஸ் எதுவும் வைக்கவில்லை என்று உறுதியாகச் சொல்கிறார். எக்ஸ்சேஞ்ச் மெயில் கிடைத்தது! அட்ரஸ் 3-இல் தொடங்குகிறது. எக்ஸ்ப்ளோரரில் பார்த்தால் 2021-இல் வந்த தொகை அப்படியே இருக்கிறது, வெளியே போகவே இல்லை. சித்தப்பா இரவு சரியாகச் சாப்பிட்டார்.

புதிய ஆப் காட்டும் அட்ரஸ் எல்லாம் பிசி1-இல்தான் தொடங்குகின்றன. அடுத்து என்ன?

மதுரை_மணி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஒன்று கேட்கிறேன். 60 வயதைத் தாண்டிய ஒருவருக்கு இந்தத் தலைவலி எதற்கு? எக்ஸ்சேஞ்சிலேயே விட்டிருந்தால் பான், ஆதார் காட்டி லாகின் மீட்டிருக்கலாம். "உன் சாவி இல்லையேல் உன் காயின் இல்லை" என்று இணையத்தில் முழங்குகிறவர்கள் யாரும் பீரோவில் தண்ணீர் ஒழுகும்போது வந்து துடைப்பதில்லை.

பழைய_பேப்பர்:
மணி சார், சொல்வதில் பாதி சரி. ஆனால் எக்ஸ்சேஞ்சில் விட்டவர்கள் கதை? 2014-இல் மவுண்ட் காக்ஸ் திவாலானபோது சிக்கியவர்களுக்குப் பணம் திரும்ப வர ஆரம்பித்ததே பத்து வருடம் கழித்து. கனடாவின் குவாட்ரிகா உரிமையாளர் 2018 டிசம்பரில் நம் ஜெய்ப்பூரில் இறந்தார், சாவி அவரிடம் மட்டுமே இருந்தது என்றார்கள். பிறகு ஒன்டாரியோ பங்குச்சந்தை ஆணையம் விசாரித்து, அதற்கு முன்பே பெரும்பகுதிப் பணம் மோசடியில் கரைந்துவிட்டது என்று சொன்னது. நம் ஊரிலேயே 2024 ஜூலையில் வசீர்எக்ஸில் சுமார் 23 கோடி டாலர் கொள்ளை போனது. பான், ஆதார் எல்லாம் காட்டியவர்கள்தான் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

மதுரை_மணி:
அது சரி. ஆனால் அங்கே யார் மேலாவது வழக்குப் போடலாம், கோர்ட்டு படியாவது ஏறலாம். சொந்தமாக வைத்துத் தொலைத்தால்? வேல்ஸில் ஜேம்ஸ் ஹவல்ஸ் என்பவர் சுமார் 8000 பிட்காயின் சாவி இருந்த ஹார்டு டிஸ்க் 2013-இல் குப்பைக் கிடங்குக்குப் போய்விட்டது என்று நகர மன்றத்தோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார். 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. அவர் மேலும் யாரும் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கு உதவவும் யாராலும் முடியாது.

நாகு_நெட்வொர்க்:
இரண்டு பேரும் தனி இழை தொடங்கிச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். இங்கே தம்பி வேலையை முடிப்போம்.

காவேரிக்கரை, அட்ரஸ் 3-இல் தொடங்குவதால் பாதை பிப் 49 (அந்த வகை அட்ரஸுக்கான தரம்) ஆகத்தான் இருக்கும். கம்ப்யூட்டரில் ஸ்பாரோ அல்லது எலெக்ட்ரம் என்ற வாலட் நிரலைப் போடுங்கள். அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும், தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்பிலிருந்து கூடவே கூடாது. எலெக்ட்ரத்துக்குச் சொந்த சீட் முறை ஒன்று இருக்கிறது, அதனால் சொற்களைப் போடும் இடத்தில் "ஆப்ஷன்ஸ்" திறந்து பிப் 39 என்று குறித்தால்தான் உங்கள் சொற்களை ஏற்கும். அடுத்த திரையில் அட்ரஸ் வகை கேட்கும்போது 3-இல் தொடங்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

நெட்டைத் துண்டித்துவிட்டுச் செய்யுங்கள். டெயில்ஸ் என்ற இயங்குதளத்தை யூஎஸ்பியில் போட்டு அதிலிருந்து கம்ப்யூட்டரைத் துவக்கினால் இன்னும் நல்லது. எலெக்ட்ரம் அதிலேயே இருக்கிறது, வேலை முடிந்து அணைத்தால் எதுவும் மிஞ்சாது. முதலில் ஏற்கெனவே திறந்த அந்தச் சொல்லைப் போட்டு, வரும் அட்ரஸை மெயிலில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் பட்டியலில் அந்த இரண்டு எழுத்துகளில் தொடங்கும் மற்றச் சொற்களை வரிசையாகப் போடுங்கள். சோதனையைத் தாண்டும் ஒவ்வொன்றுக்கும் அட்ரஸை ஒப்பிட்டால் போதும், இருப்பைப் பார்க்க நெட்டுக்குப் போகவே தேவையில்லை. பிடிசிரெகவர் என்ற திறந்தமூல நிரல் இதைத் தானாகச் செய்யும், ஆனால் இத்தனை குறைவான சொற்களுக்குக் கையால் செய்வதே சுலபம்.

காவேரிக்கரை:
கிடைத்துவிட்டது!! முதலில் திறந்த சொல் தவறானதுதான். பட்டியலில் இன்னும் கீழே இருந்த ஒன்று பொருந்தியது, முதல் அட்ரஸே மெயிலில் இருப்பதுதான். சித்தி இனிமேல்தான் சித்தப்பாவை மன்னிப்பதாக உத்தேசம்.

இதே 12 சொற்களைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாமா? விற்றால் வரி எவ்வளவு? போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வைத்தால் மழை பயம் இல்லையே?

நாகு_நெட்வொர்க்:
வாழ்த்துகள் தம்பி. ஆனால் அந்தச் சொற்களை நெட்டில் இருந்த போனில் அடித்துவிட்டீர்கள், இனி அவற்றை நம்பாதீர்கள். புதிய வாலட், புதிய 12 சொற்கள். முதலில் சிறு தொகை அனுப்பி, புதிய வாலட்டை அழித்து, எழுதி வைத்த சொற்களால் மறுபடி திறக்கிறதா என்று பார்த்துவிட்டு மிச்சத்தை அனுப்புங்கள். பெரும்பாலானோர் விட்டுவிடுவது இந்த ஒத்திகையைத்தான். டைரியில் வாலட் வகை, அட்ரஸ் எந்த எழுத்தில் தொடங்கும் என்பதையும் ஒரு வரி எழுதி வைக்கலாம், அது ரகசியம் இல்லை.

வரி: சொந்த வாலட்டுக்கு மாற்றினால் இல்லை. விற்றால் லாபத்தில் 30 சதவீதம், செஸ் தனி.

போட்டோ வேண்டவே வேண்டாம். 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி கண்டுபிடித்த ஸ்பார்க்கேட் என்ற தீநிரல், கேலரியில் இருக்கும் படங்களைப் படித்து சீட் ஃப்ரேஸைத் தேடி அனுப்பிக்கொண்டிருந்தது. அது ப்ளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் இரண்டிலும் இருந்த ஆப்களுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. ஆறு ஆறு சொல்லாகப் பிரித்து இரண்டு வீட்டில் வைப்பதும் வேண்டாம். எந்த ஒரு பாதி போனாலும் முழுவதும் போகும். முழுப் பிரதி இரண்டு, வேறு வேறு வீடுகளில், ஒன்றாவது எவர்சில்வர் தகட்டில்.

காவேரிக்கரை:
தகடு நல்ல யோசனை அண்ணா. பெரிய கடை வீதியில் பாத்திரத்தில் பெயர் வெட்டித் தருபவர் ஒருவரைத் தெரியும், அவரிடம் கொடுத்துவிடவா?

நாகு_நெட்வொர்க்:
கொடுத்தால் அவருக்கும் 12 சொற்கள் தெரிந்துவிடும்! ஹார்டுவேர் கடையில் எழுத்து பஞ்ச் செட் கிடைக்கும், வாங்கி நீங்களே சுத்தியலால் அடியுங்கள். முதல் நான்கு எழுத்துகள் போதும், மொத்தம் 48 அடிக்கு மேல் வராது.