பழைய வீட்டின் குளியலறைக்கும் சமையலறைக்கும் டைல்ஸ் பதிப்பவரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: மூன்றாம்மாடி

அனைவருக்கும் வணக்கம். நகரின் பழைய பகுதியில், சுமார் 45 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். குளியலறையிலும் சமையலறையிலும் உள்ள டைல்ஸை மாற்றிப் புதிதாகப் பதிக்க முடிவு செய்திருக்கிறோம். குளியலறையின் ஒரு மூலையில் தரையைத் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பது போன்ற ஓசை கேட்கிறது. அதே மூலைச் சுவரின் மறுபக்கம் படுக்கையறை இருக்கிறது; அங்கே தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை ஓதம் ஏறி, வண்ணப்பூச்சு உப்பி உதிர்கிறது. சமையலறையில் அடுப்புமேடைக்குப் பின்னுள்ள சுவரில் நீண்ட மட்டக்கோலை வைத்துப் பார்த்தபோது நடுவில் ஏறக்குறைய 2 செ.மீ. குழிவு தெரிந்தது. மற்ற சுவர்களில் உள்ள டைல்ஸ் பழையதாக இருந்தாலும் உறுதியாகவே இருக்கிறது.

இதுவரை மூவரிடம் பேசியிருக்கிறோம். முதலாமவர் வீட்டைப் பார்க்காமலே தொலைபேசியில் சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலியைச் சொல்லிவிட்டார். இரண்டாமவர் நேரில் வந்து பார்த்து, பழைய டைல்ஸின் மேலேயே புதியதை ஒட்டி 4 நாட்களில் முடித்துவிடலாம் என்றார். மூன்றாமவர் அரை மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு அறைகளிலும் எல்லாவற்றையும் கொத்தி எடுக்க வேண்டும், குழாய்களையும் மாற்ற வேண்டும், 3 வாரம் ஆகும் என்று சொல்லி, மற்றவர்கள் கேட்டதைப் போல இரண்டு மடங்கு தொகை கேட்கிறார். வீட்டில் வயதான என் தாயார் இருக்கிறார், குளியலறையோ ஒன்றுதான். எனவே 4 நாட்கள் என்ற சொல் எங்களை மிகவும் ஈர்க்கிறது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. இவர்களுள் யாரை நம்புவது, வேலையைக் கொடுப்பதற்கு முன் என்னென்ன கேட்பது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில்: கரணையும்மட்டமும்

நான் 22 ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து வருகிறேன். பெரும்பாலும் பழைய வீடுகளில்தான். வீட்டைப் பார்க்காமல் கூலி சொன்னவரை விட்டுவிடுங்கள். புதிய கட்டடத்தில் அப்படிச் சொல்ல முடியும், ஏனெனில் அங்கே சுவர் எப்படி இருக்கும் என்பது ஓரளவு தெரிந்ததே. பழைய வீட்டில் டைல்ஸுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே வேலையின் பாதி அமையும்.

பழைய டைல்ஸின் மேல் புதியதை ஒட்டுவது தவறான முறை அன்று. ஒவ்வொரு டைலையும் தட்டிப் பார்த்து, எதுவும் ஆடாமல், பின்புறம் ஈரமில்லாமல் இருந்தால், மேற்பரப்பின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, பளபளப்பைச் சுரண்டி அல்லது பிரைமர் எனும் பிடிப்புக்கான அடிப்பூச்சைப் பூசி, அதற்கேற்ற பசையால் ஒட்டலாம். உங்கள் குளியலறையில் வெற்றோசையும் இருக்கிறது, மறுபக்கம் ஓதமும் இருக்கிறது. இந்த நிலையில் மேலே ஒட்டுவது நோயை மூடிவைப்பதாகவே முடியும். அதோடு, புதிய டைலும் பசையும் சேர்ந்து தரை 12 முதல் 15 மி.மீ. வரை உயரும். கதவு இடிக்கும், வடிகால் வாயின் மட்டம் தாழ்ந்துபோகும், நீரைத் தடுத்து நிறுத்தும் வாசற்படியின் உயரம் குறையும். படியை உயர்த்தினால் உங்கள் தாயாருக்குத்தான் இடறும்.

ஆகவே குளியலறையைப் பொறுத்தவரை மூன்றாமவர் சொல்வதே சரி. ஆனால் சமையலறை முழுவதையும் கொத்த வேண்டும் என்பதில் அவர் சற்று அவசரப்படுகிறாரோ என்று தோன்றுகிறது. குழிந்த சுவரை மட்டும் கொத்தி, பூசி நேர்செய்துவிட்டு, உறுதியாக உள்ள மற்ற சுவர்களின் மேல் ஒட்ட முடியுமா என்று அவரிடமே கேளுங்கள். காரணத்தோடு மறுத்தால் நல்ல வேலைக்காரர், கோபப்பட்டால் யோசியுங்கள்.

அந்த 2 செ.மீ. குழிவை எப்படி நிரப்புவார் என்பதையும் கேட்டாக வேண்டும். பசையைத் தடிமனாக அப்பிச் சரிசெய்வேன் என்றால் ஏற்க வேண்டாம். டைல் பசை சில மி.மீ. தடிமனுக்காகச் செய்யப்பட்டது, அளவுக்கு மீறி அப்பினால் காயும்போது சுருங்கி டைலை இழுத்துவிடும். முதலில் சுவரைப் பூசி நேராக்க வேண்டும், அந்தப் பூச்சு நன்றாகக் காய வேண்டும், அதன் பிறகே டைல்ஸ். பழைய சுவரில் சுண்ணாம்புக் காரை இருந்து, விரலால் சுரண்டினாலே உதிர்ந்தால், உறுதியான பகுதி தெரியும்வரை அதை நீக்கவும் வேண்டியிருக்கும். 3 வாரம் என்பதில் பெரும்பகுதி இப்படிக் காத்திருக்கும் நேரம்தான்.

அடுத்து, எதைக் கொண்டு ஒட்டப்போகிறார் என்று கேளுங்கள். மிகுந்த சூட்டில் சுட்டுக் கண்ணாடிபோல் இறுகச் செய்த விட்ரிஃபைட் டைல் 0.5 விழுக்காட்டுக்கும் குறைவாகவே நீரை உறிஞ்சும். சிமெண்ட் பால் ஊடுருவிப் பிடித்துக்கொள்ள அதன் பின்புறத்தில் துளைகளே இல்லை எனலாம். எனவே பாலிமர் கலந்த பசைதான் வேண்டும். பழைய முறையில் நான்கு மூலையிலும் நடுவிலும் கலவையை உருண்டை உருண்டையாக வைத்து அழுத்துபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உருண்டைகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தில் நீர் தேங்கும். கனமான பொருள் விழுந்தால் அந்த இடத்தில்தான் டைல் உடையும். பற்கள் கொண்ட கரணையால் ஒரே திசையில் சீவி, பெரிய டைலாக இருந்தால் அதன் முதுகிலும் மெல்லிய பூச்சுக் கொடுத்து அழுத்த வேண்டும். வேலை தொடங்கிய முதல் மணி நேரத்திலேயே, பதித்த ஒரு டைலைப் பெயர்த்துக் காட்டச் சொல்லுங்கள். ஈரமான இடங்களில் முதுகின் 95 விழுக்காடாவது பசையால் நிறைந்திருக்க வேண்டும். இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். தன் வேலையில் நம்பிக்கை உள்ளவர் மறுக்கமாட்டார். வாளியில் இறுகத் தொடங்கிய பசையில் மீண்டும் தண்ணீர் ஊற்றிக் குழைப்பவரையும் அப்போதே தடுத்து நிறுத்துங்கள்.

பழைய அறைகளில் நான்கு மூலையும் மூலைமட்டத்துக்குப் பொருந்துவது அரிது. வெட்டுத் துண்டுகள் எந்தச் சுவரை ஒட்டி வரும் என்பதைப் பசை குழைப்பதற்கு முன்பே, டைல்ஸை வெறுமனே பரப்பிக் காட்டி உங்கள் ஒப்புதலைப் பெற வேண்டும். கதவைத் திறந்ததும் கண்ணில் படும் சுவரில் முழு டைலும், கதவுக்குப் பின்னால் துண்டும் வருவது முறை.

பதில்: கட்டடப்பொறியாளர்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். நீரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். டைல்ஸோ அவற்றின் இடைவெளியை நிரப்பும் குரௌட்டோ நீரைத் தடுப்பதில்லை. அதைத் தடுப்பது அடியில் பூசப்படும் நீர்த்தடுப்புப் படலமே. 45 ஆண்டுப் பழமையான கட்டடத்தில் அந்தப் படலம் இல்லாமலே இருக்கலாம், இருந்தாலும் செயலிழந்திருக்கலாம்.

முதலில் ஓதத்தின் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். உங்கள் வீட்டுக்கெனத் தனி நீர்மீட்டர் இருந்தால், இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு காலையில் பாருங்கள். எண் ஏறியிருந்தால், சுவருக்குள் செல்லும் நீர்க்குழாய் எங்கோ கசிகிறது என்று கொள்ளலாம். கழிப்பறைத் தொட்டியில் ஒழுக்கு இல்லை என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். எண் மாறாமல், குளித்த பிறகு மட்டும் ஓதம் கூடினால், தரையையோ வடிகாலையோ ஐயப்பட வேண்டும். அந்தக் காலத்தில் சுவருக்குள் பதித்த இரும்புக் குழாய்கள் உள்ளே துருவேறிக் குறுகியிருக்கும். சுவரைத் திறந்த பிறகும் அவற்றை மாற்றாமல் புதிய டைல்ஸால் மூடுவது வருங்காலச் செலவை நாமே அழைப்பதாகும்.

வேலையின் வரிசையை எழுத்தில் வாங்குங்கள். கொத்தி எடுத்தல், குழாய் வேலை, குழாய்களில் நீரை அழுத்தத்துடன் நிரப்பிச் சோதித்தல், பூச்சு, தரைக்கு வாட்டம் (நீர் வடிவதற்கான சரிவு), நீர்த்தடுப்பு, பிறகுதான் டைல்ஸ். வாட்டத்தை டைல் பதிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் உண்டு. படலத்துக்கு அடியிலேயே வாட்டம் இல்லாவிட்டால் உள்ளே இறங்கிய நீர் அங்கேயே தங்கிவிடும். நின்று குளிக்கும் பகுதியில் 1 மீட்டருக்கு 1.5 முதல் 2 செ.மீ. வரை வடிகாலை நோக்கிச் சரிவு தேவை. படலம் தரையோடு நின்றுவிடாமல் சுவரில் குறைந்தது 15 செ.மீ. ஏற வேண்டும், குளிக்கும் இடத்தில் தலைக்கு மேல் வரை. தரையும் சுவரும் சேரும் மூலைகளில் நெகிழ்வான பட்டை ஒட்ட வேண்டும், பெரும்பாலான கசிவு அங்கேதான் தொடங்குகிறது. படலம் காய்ந்ததும் வடிகாலை அடைத்து நீர் கட்டி, குறைந்தது 24 மணி நேரம் விட்டு, கீழ் வீட்டாரின் கூரையைப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். இந்தச் சோதனைக்கு இசையாதவரிடம் குளியலறையை ஒப்படைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஓர் எச்சரிக்கை. சமையலறைத் தரையில் டைல்ஸுக்கு அடியில் பழைய வினைல் விரிப்போ தார் போன்ற கறுப்புப் பசையோ தென்பட்டால் அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ், தூசாக மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுப்பது) கலந்திருக்கக்கூடும். அதைத் தேய்க்கவோ உடைக்கவோ விடாமல், வேலையை நிறுத்திச் சோதனைக்கு அனுப்புங்கள்.

பதில்: பட்டறிந்தவர்

நான் வீட்டு உரிமையாளன். எங்கள் வேலை பாதியில் நின்றதற்கு முதன்மையான காரணம், தொகையில் பெரும்பகுதியை முன்பணமாகவே கொடுத்துவிட்டதுதான். அந்தத் துயரம் உங்களுக்கு வேண்டாம். ஒவ்வொரு கட்டமும் முடிந்த பின் பணம் கொடுங்கள். நீர் கட்டும் சோதனையும் ஒரு கட்டமாக இருக்கட்டும். கடைசித் தவணையை, சில வாரம் பயன்படுத்திப் பார்த்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

இரண்டு மடங்கு கேட்கிறார் என்கிறீர்கள். ஆனால் மூவரும் ஒரே வேலைக்குத்தான் தொகை சொன்னார்களா? இடிபாடுகளை மாடியிலிருந்து இறக்குவது, பூச்சு, நீர்த்தடுப்பு, பசை, குரௌட் ஆகியவை யாருடைய பொறுப்பு என்று ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்கிய பின் ஒப்பிடுங்கள். சுவரைத் திறந்த பின் எதிர்பாராத சேதம் தெரிந்தால் அதற்கு எந்த விகிதத்தில் கூலி என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டில் சச்சரவு அங்கேதான் தொடங்கியது.

அவர் முன்பு செய்த வேலையைப் பார்க்கும்போது, சென்ற மாதம் முடித்ததைப் பார்க்காதீர்கள். புதிதாக இருக்கும்போது எல்லாமே அழகுதான். 2 அல்லது 3 ஆண்டு புழங்கிய குளியலறையைக் காட்டச் சொல்லி, வடிகாலைச் சுற்றியும் மூலைகளிலும் பாருங்கள். டைல்ஸை 10 விழுக்காடு கூடுதலாக, எல்லாப் பெட்டிகளிலும் ஒரே தொகுதி எண் இருக்கும்படி வாங்குங்கள். மிஞ்சுவதைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி கேட்டவர்: மூன்றாம்மாடி

உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு மீட்டரைக் குறித்து வைத்தோம். காலையில் எண் ஏறியிருந்தது. கழிப்பறைத் தொட்டியில் ஒழுக்கு இல்லை. ஆக, குழாய்தான். மூன்றாமவரிடம் சமையலறையைப் பற்றிக் கேட்டேன். மறுபடியும் வந்து ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்த்து, மூன்று சுவர்களின் மேல் ஒட்டலாம் என்று ஒப்புக்கொண்டார், தொகையும் குறைந்தது. நீர் கட்டும் சோதனைக்கு அவர் உடனே சம்மதித்தார். தாயாரை அந்த 3 வாரமும் என் தங்கை வீட்டில் தங்கவைக்கிறோம். ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: அடுப்புக்குப் பின்னால், சிமெண்டுக்குப் பதில் பிசினால் ஆன எபாக்ஸி குரௌட் தேவையா?

பதில்: கரணையும்மட்டமும்

அடுப்புக்குப் பின்னாலும் பாத்திரம் கழுவும் தொட்டியைச் சுற்றியும் போடுங்கள். எண்ணெயும் மஞ்சள் கறையும் அதில் ஊறாது. ஆனால் அது விரைவில் இறுகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, இறுகுவதற்குள் டைலின் முகத்தைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் படியும் மங்கலை நீக்குவது பெரும்பாடு. ஆகையால் இதற்கு முன் எபாக்ஸி போட்ட அனுபவம் இருக்கிறதா என்று கேளுங்கள். மேடையும் சுவரும் சேரும் கோட்டில் மட்டும் எந்தக் குரௌட்டும் வேண்டாம், அங்கே சிலிகான் போடச் சொல்லுங்கள். பழைய கட்டடம் சற்று அசைந்தாலும் அது விரிசல் விடாது.