இன்சுலின் போட்டும் சுகர் இறங்கவில்லை, யூனிட்டைக் கூட்டலாமா?

கேட்டவர்:
அம்மாவுக்கு வயது 62. மெட்ஃபார்மின் 500 மி.கி. காலை, இரவு, கிளிமிபிரைடு 1 மி.கி. காலையில் மட்டும். பத்து நாளாக 30/70 கலவை இன்சுலினும் போடுகிறோம்: காலை 16 யூனிட், இரவு 10. மருந்துக் குப்பியில் 40 ஐ.யு./மி.லி. என்று இருக்கிறது. கடையில் ஆரஞ்சு மூடி போட்ட சிரிஞ்ச் தந்தார்கள். வெறும் வயிற்றில் இன்னும் 230க்குக் கீழே வரவில்லை. இரண்டு யூனிட் கூட்டலாமா?

மருந்தாளுநர்:
கூட்டவே கூடாது. கோளாறு சிரிஞ்சில்தான். ஆரஞ்சு மூடி, மி.லி.க்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கானது. உங்கள் குப்பிக்குச் சிவப்பு மூடி, 40 என்று அச்சிட்டது வேண்டும். ஆரஞ்சில் 16ஆம் கோடு என்றால் 0.16 மி.லி.; 40 ஐ.யு. குப்பியில் அது வெறும் 6.4 யூனிட். இரவு 10 என்று போட்டது 4தான்.

இதைவிட ஆபத்து அடுத்த கட்டத்தில். சுகர் இறங்கவில்லை என்று ஆரஞ்சிலேயே 40ஆம் கோடு வரை ஏற்றிவிடுவார்கள். பிறகு ஒருநாள் கடையில் சரியான சிவப்பு சிரிஞ்ச் கிடைக்கும், அதிலும் அதே 40ஐ இழுப்பார்கள். அன்று உடம்பில் ஏறுவது முழு 40 யூனிட்!

இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 100 ஐ.யு. அதிலிருந்து சிரிஞ்சால் இழுக்க வேண்டாம்.

நீரிழிவுச் செவிலியர்:
சிவப்புக்கு மாறும் முன் டாக்டருக்கு போன் செய்து நடந்ததைச் சொல்லுங்கள். சீட்டில் உள்ள அளவே என்றாலும் உடம்புக்கு அது திடீரென இரண்டரை மடங்கு. இரவு ஊசியில் மெதுவாக வேலை செய்யும் கலங்கல் பகுதி (30/70இல் அந்த 70 பங்கு) நடு இரவுக்குப் பிறகுதான் உச்சத்துக்கு வரும். முதல் இரண்டு மூன்று நாள் விடியற்காலை 3 மணிக்கு ஒருமுறை சுகர் பாருங்கள்.

30/70 குப்பியைக் குலுக்காமல் இரு உள்ளங்கைக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். சீராகப் பால்போல் வர வேண்டும். கட்டி மிதந்தால் எறிந்துவிடுங்கள். சாதா 30/70 என்றால் சாப்பிட அரை மணி நேரம் முன்பு. வேகமாக வேலை செய்யும் 'அஸ்பார்ட்' இன்சுலின் கலவை என்றால் இலை போட்ட பிறகு போட்டால் போதும். தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி, தினமும் இடம் மாற்றி. ஒரே இடத்தில் குத்தினால் சதை தடித்து, மருந்து ஒழுங்காக ஏறாது.

இன்னொருவர்:
மாத்திரையையும் டாக்டரிடம் கேளுங்கள். மெட்ஃபார்மின் பொதுவாகத் தொடரும், சிறுநீரகம் சரியாக இருந்தால். கிளிமிபிரைடு கணையத்தைப் பிழிந்து இன்சுலின் சுரக்க வைப்பது. ஊசியோடு சேர்ந்தால் லோ சுகர் வரும் வாய்ப்பு கூடும். பலருக்கு அதைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு மாத்திரையும் ஊசியும் மட்டும் போவதுதான் மோசம்.

வியர்வை, நடுக்கம், 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர் தண்ணீரில்; 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தவறினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். பின்னால் வோக்லிபோஸ் சேர்த்தால் வீட்டுச் சர்க்கரையை நம்ப வேண்டாம். அது உடைவதையே அந்த மாத்திரை தாமதிக்கும். குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும்.