டெக்சாஸ் இருமொழி ஆசிரியர் ஸ்பானிஷ் தேர்வு: பேச்சுப் பகுதிக்கு எப்படித் தயாராவது?

டல்லாஸ்வாசி: டெக்சாஸில் இருமொழி வகுப்பு எடுக்க பிடிஎல்பிடி (BTLPT, இருமொழி ஆசிரியர்களின் மொழித்திறனைச் சோதிக்கும் தேர்வு) ஸ்பானிஷ் தேர்வு எழுதப் போகிறேன். வாசிப்பதும் கேட்பதும் பரவாயில்லை, பேச்சுப் பகுதியை நினைத்தால்தான் பயம். யாராவது எழுதியிருக்கிறீர்களா?

வகுப்பறை: எழுதித் தேறிவிட்டேன். எதிரே ஆள் இருக்க மாட்டார், மைக்கில்தான் பேச வேண்டும், நேரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், அதனால் போனில் பதிவு செய்து தினமும் பழகுங்கள். பின்னம், நீர்ச்சுழற்சி மாதிரி பாடங்களை ஸ்பானிஷிலேயே விளக்கிப் பாருங்கள். கடைப் பேச்சு ஸ்பானிஷ் இதற்குப் போதாது.

கரும்பலகை: சரிதான். ஆனால் எழுத்துப் பகுதியை விட்டுவிடாதீர்கள், அங்கே கடிதம், பாடத் திட்டம், கட்டுரை எல்லாம் உண்டு. பெற்றோருக்கு எழுதும்போது மரியாதை வடிவம் மாறவே கூடாது. தேற 240 மதிப்பெண் வேண்டும்.

டல்லாஸ்வாசி: நன்றிங்க, இன்றைக்கே பின்னத்தில் ஆரம்பிக்கிறேன்.