புதுப்பிப்பு: அல்சூர் விழாப் பதிவுப் பக்கத்தின் 'பேக்' பொத்தான் சரியாகிவிட்டது

பெங்களூரு அல்சூரில் நாங்கள் நடத்தும் பொங்கல் விழாவுக்கான பதிவுப் பக்கத்தில் 'பேக்' பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அதே பக்கமே திரும்ப வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது.

பதிவுப் பக்கத்தின் பழைய முகவரியில் ஒரு இடைப்பக்கம் இருந்தது. அது முழுவதும் திறந்து, சில விநாடிகள் கழித்து, ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள் ஓடும் நிரல்) மூலம் புதிய முகவரிக்குத் தள்ளியது. முழுதாகத் திறந்த பக்கம் என்பதால் பிரவுசரின் வரலாற்றில் அதற்கும் ஓர் இடம் கிடைத்தது. பின்னால் போனால் அந்த இடைப்பக்கம். அது மீண்டும் முன்னால் தள்ளும். முதியவர்கள் இதில் சிக்கித் தவித்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது சர்வரிலேயே 301 திருப்பம் (முகவரி நிரந்தரமாக மாறிவிட்டது என்று பிரவுசருக்குச் சொல்லும் குறியீடு) வைத்திருக்கிறோம். பக்கம் திறப்பதற்கு முன்பே திருப்பிவிடுவதால் பழைய முகவரி வரலாற்றில் பதிவதில்லை. ஆனால் 301-ஐ பிரவுசர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும். அதனால் சோதனைக் காலத்தில் தற்காலிகத் திருப்பமான 302 போடுங்கள். சர்வரைத் தொட முடியாதவர்கள் 'லொகேஷன்.ரிப்ளேஸ்' (location.replace) என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையைப் பயன்படுத்தலாம்; அது வரலாற்றில் இருக்கும் பதிவையே மாற்றி எழுதும்.

"என் குரோமில் பிரச்சினையே இல்லையே" என்று கேட்ட நண்பருக்கு: பயனர் தொடாமலேயே அடுத்த பக்கத்துக்குத் தள்ளும் பக்கங்களைக் குரோம் 'பேக்' அழுத்தும்போது தாண்டிவிடும். எல்லாப் பிரவுசர்களும் அப்படிச் செய்யும் என்று நம்பி விட்டுவிடக் கூடாது.

வேறு தளங்களில் மாட்டிக்கொண்டால், கணினியில் 'பேக்' பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். பட்டியல் வரும், வேண்டிய பக்கத்துக்கு நேராகப் போகலாம்.